எதிர்ப்பு ரகம் போட்டும் கனோலா ஏன் சாய்கிறது?

கேள்வி, 9 ஏப்ரல் 2022

"ஆஸ்திரேலியாவில் கனோலா பண்ணையில் வேலை பார்க்கிறவர் இங்கே எழுதுகிறாரே, அவருக்குத்தான். நோய் எதிர்ப்பு ரகம் என்று சொல்லித்தான் விதை விற்கிறார்கள். பிறகு அதற்கே மருந்து கலக்கச் சொல்கிறார்கள். மூன்று வருடம் போனால் ரகத்தை மாற்று என்கிறார்கள். இது விதைக் கம்பெனிக்காரனின் வியாபாரம்தானே? எங்கள் தாத்தா ஒரே கடுகை முப்பது வருடம் போட்டார்."

9 ஏப்ரல், இரவு

தாத்தா எத்தனை ஏக்கரில் போட்டார்? வரப்போரம் நாலு செடி என்றால் அந்தக் கணக்கு வேறு. கனோலா கடுகுக்குச் சொந்தக்காரப் பயிர், எண்ணெய்க்குப் போடுவது. நான் இருப்பது விக்டோரியா மாநிலத்தில், ஹார்ஷம் பக்கம், விம்மரா என்கிற சமவெளி. ஒரு வயலுக்குள் யூட் வண்டியில் போய் மறுமுனையைத் தொடவே சில நிமிடம் ஆகும். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் பண்ணை, அங்கேயும் இதே பயிர். ஒரு பூசணத்துக்கு இதைவிடப் பெரிய கல்யாண விருந்து கிடைக்காது.

நோயின் பெயர் பிளாக்லெக். தமிழில் கருங்கால் என்று நானாக வைத்துக்கொண்டேன். இலையில் சாம்பல் நிறப் புள்ளி வரும், பிறகு அடித்தண்டு கருகிச் செடி சாயும். புள்ளியைப் பார்த்ததும் மருந்து அடித்தால் தப்பிக்கலாம்.

வியாபாரமா என்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். டிராக்டருக்கு டீசல் போடணும்.

10 ஏப்ரல்

வியாபாரம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ரகத்தை மாற்றச் சொல்வதில் ஏமாற்று இல்லை. ஒரு கதை போதும்.

2000-இல் இங்கே சர்பாஸ் 400 என்று ஒரு ரகம் வந்தது. காட்டு டர்னிப் இனம் ஒன்றிலிருந்து எடுத்த ஒரே ஒரு பெரிய எதிர்ப்பு மரபணு அதில் இருந்தது. ஆரம்பத்தில் நோய் கிட்டவே வரவில்லை. எல்லோரும் அதையே போட்டார்கள், போன வருடம் அறுத்த பயிரின் அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். 2003-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்தில் அந்த எதிர்ப்பு உடைந்தது. சில வயல்களில் 90 சதவீதம் வரை விளைச்சல் போச்சு. மூன்றே சீசன்.

ஏன் உடைந்தது? எதிர்ப்பு மரபணுவை ஊர்க் காவல்காரன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரே ஒரு திருடனின் முகம் தெரியும், மீசை வைத்த முகம். மீசையைப் பார்த்தால் விசில் ஊதுவான். செடி அந்த இடத்திலேயே தன் சில செல்களைச் சாகவிட்டுப் பூசணத்தை அடைத்துவிடும். திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் காவல்காரன் வணக்கம் சொல்லி உள்ளே விடுவான். செடி பழைய செடிதான். பூசணத்தில்தான் மீசை இல்லாத கூட்டம் பெருகிவிட்டது.

அதனால்தான் இங்கே ரகங்களை எதிர்ப்பு மரபணுப்படி ஏ, பி, சி என்று எச் வரைக்கும் குழு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே குழுவில் ரகப் பெயரை மட்டும் மாற்றினால் புண்ணியமில்லை. காவல்காரனை மாற்றணும், அவன் சட்டையை மாற்றிப் பயனில்லை.

12 ஏப்ரல்

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு. "புள்ளியைப் பார்த்ததும் அடித்தால் தப்பிக்கலாம்" என்று எழுதியிருந்தேன். ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், "அப்படியென்றால் விதைக்கும்போதே ஏன் மருந்து?" என்று. படித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் தப்பை நான் நிஜத்திலும் செய்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வீடு. மல்லாட்டையில் டிக்கா வரும், இலை முழுக்கக் கறுப்புப் பொட்டு. அப்பா பொட்டைப் பார்த்ததும் மருந்தடிப்பார். இலை கொட்டாமல் நின்றால் காய் தேறும். இலைதான் அங்கே பிரச்சினை.

இங்கே வந்த முதல் சீசனில் மல்லாட்டைக் கண்ணோடுதான் கனோலாவைப் பார்த்தேன். ஜூன் மாதம் புள்ளியைக் கண்டுபிடித்து, பெரிய பூச்சி நிபுணன் மாதிரி பண்ணைக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து "ம்" என்றார், அவ்வளவுதான். ஜூலையில் அந்த இலைகள் பழுத்து விழுந்தன. மேலே வந்த புது இலையெல்லாம் பளபளவென்று சுத்தம். நோய் தானாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போன் போட்டபோது அப்பாவிடமும் சொன்னேன்.

அக்டோபரில் ஒரு காற்றடித்த மறுநாள், வயல் நடுவே வட்ட வட்டமாகச் செடி படுத்துக் கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணிலேயே நின்றது, செடி மட்டும் கையோடு வந்தது. உடைந்த இடம், தண்டும் வேரும் சேரும் அந்தக் கழுத்து, அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். பூசணம் இலைக்குள் புகுந்து, காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறது. இலை விழுவதற்குள் அது குடிமாறிவிட்டது. செடி முளைத்ததிலிருந்து ஆறு இலை வருவதற்குள் உள்ளே போனதுதான் கழுத்தைக் கருக்கும். பிறகு வருவது பெரும்பாலும் கழுத்துவரை போய்ச் சேராது. ஏற்கெனவே தண்டுக்குள் இறங்கிவிட்டதை எந்த மருந்தும் வெளியே இழுத்துக்கொண்டு வராது. அதனால்தான் உரத்தோடோ விதையோடோ ஃப்ளூட்ரியாஃபால் மாதிரிப் பூசண மருந்து ஒன்றை முன்னாலேயே கொடுக்கிறார்கள், நோய் கடுமை என்றால் நாலிலிருந்து ஆறு இலைக்குள் மேலே இன்னொரு தெளிப்பு. புள்ளியைப் பார்ப்பது போன இரண்டு வாரக் கதையைப் பார்ப்பது.

சரி, 9-ஆம் தேதிக் குறிப்பில் அந்தப் புள்ளி வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

15 ஏப்ரல்

"பிளாக்லெக் என்றால் மாட்டுக்கு வருகிற சப்பை நோய்தானே, தடுப்பூசி உண்டே" என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். அது மாட்டுச் சதையில் வரும் பாக்டீரியா, இது பயிரில் வரும் பூசணம். உருளைக்கிழங்கிலும் ஒரு பிளாக்லெக் உண்டு, அதுவும் பாக்டீரியா. பேர் வைத்தவர்கள் கறுப்பாக ஒரு கால் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கனோலாவுக்குத் தடுப்பூசி போட ஆள் வேண்டும் என்றால் நான் ஊருக்கே வந்துவிடுகிறேன்.

3 மே

விதைப்பு ஆரம்பம். உக்ரைன் போர் வந்ததிலிருந்து கனோலா விலை ஏறிக் கிடக்கிறது, ஆளாளுக்குக் கூடுதலாகப் போடுகிறார்கள். எங்கள் பண்ணைக்காரரும் அவரைப் பயிர் போடவேண்டிய ஒரு வயலைக் கனோலாவுக்கு மாற்றிவிட்டார். பிரச்சினை, அந்த வயலின் கிழக்கு வேலிக்கு அடுத்து நிற்பது போன வருடத்துக் கனோலாக் கட்டை. எட்டிப் போட்டால் கல் விழும் தூரம்.

போன வருடத்துக் கட்டையிலிருந்து 500 மீட்டராவது தள்ளிப் போடு என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். பூசணம் கோடை முழுக்க அந்தச் செத்த கட்டையில்தான் இருக்கிறது. இலையுதிர்கால மழை விழுந்து கட்டை நனைந்ததும் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் வீசும். பல கிலோமீட்டர் போகக்கூடியவையும் உண்டு, ஆனால் முக்கால்வாசிச் சரக்கு பக்கத்திலேயே விழுந்துவிடும். புதுப் பயிர் முளைப்பதும் அதே மழைக்குத்தான். அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

நான் சொல்லிப் பார்த்தேன். "ரகம் நல்ல ரகம்" என்றார். சர்பாஸ் 400 கதையை அவருக்கே சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் அவர் அதைப் போட்டவர்.

மேற்கு மூலைக்குப் போகும்போது விதை தீர்ந்தது. ஷெட்டில் கிடந்த வேறு மூட்டையைக் கொட்டிக் கடைசிச் சுற்றுகளை முடித்தோம். மழை வருவதற்குள் முடிந்ததே என்று சந்தோஷம்.

4 மே

ராத்திரி மழை. கட்டைகளும் நனைந்திருக்கும்.

11 ஜூன்

வந்துவிட்டது. கிழக்கு வேலியோரம் இரண்டு இலை, மூன்று இலைச் செடிகளில் புள்ளி. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது, வெளுத்த சாம்பல் நிறம், ஓரம் ஒழுங்கில்லாமல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் மேல் மிளகைப் பொடித்துத் தூவியது மாதிரிக் கறுப்புப் பொடிகள். பொடி இருந்தால் கருங்கால்தான், சந்தேகமே வேண்டாம். வெறும் வெளுத்த திட்டு என்றால் களைக்கொல்லி பட்டதோ, பூச்சியோ, வேறு என்னவோ. மழைத்துளி தெறித்தால் அந்தப் பொடியிலிருந்தும் வித்து வெளியே வந்து பக்கத்துச் செடியில் விழும்.

தெளிப்பு முடிவாகிவிட்டது, திங்கட்கிழமை. இந்த முறை நிபுணன் வேஷம் போடவில்லை.

12 ஜூன்

மீசை உவமை பற்றி மறுபடி யோசித்தேன். "எல்லாத் திருடனும் ஒரே நாளில் மீசை எடுப்பானா?" என்று ஒருவர் கேட்டது மனதில் நின்றது. நல்ல கேள்வி.

அந்தப் பூசணத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2011-இல் வெளியிட்டார்கள். பிரான்ஸ் ஆய்வாளர்கள் முன்னின்று செய்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இடம் விட்டு இடம் தாவுகிற மரபுத் துண்டுகளின் சிதைவுகள் நிரம்பிய புறம்போக்கு மாதிரி. பயனுள்ள மரபணுக்கள் அங்கே மிகக் குறைவு. ஆனால் காவல்காரன் அடையாளம் கண்டுகொள்கிற அந்த மீசை மரபணுக்கள் பல, சரியாக அந்தப் புறம்போக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் எழுத்து மாறுவதும் துண்டோடு காணாமல் போவதும் சகஜம். அதாவது திருடன் வீட்டுக்குள்ளேயே சலூன் வைத்திருக்கிறான்.

போதாததற்கு, வருடா வருடம் கட்டையில் இரண்டு வகைகள் சேர்ந்து புதுக் கலப்பு வித்து உண்டாக்கும். எல்லோரும் ஒரே நாளில் மீசை எடுக்க வேண்டாம். ஆயிரத்தில் ஒருவன் எடுத்தால் போதும். ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு மீசைக்காரர்களை மட்டும் நாம் பிடித்துக் கொடுத்தால், மிச்சம் நிற்பது யார்?

இதையே அடக்கமாகச் செய்யும் இன்னொரு எதிர்ப்பு உண்டு. சின்னச் சின்ன மரபணுக்கள் பல சேர்ந்து, தண்டுக்குள் பூசணத்தின் வேகத்தைக் குறைப்பது. புள்ளி வரும், செடி சாயாது. நோயை அண்டவே விடாத ரகம் மாதிரி விளம்பரத்துக்கு அழகாக இருக்காது. ஆனால் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். இரண்டும் ஒரே ரகத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

28 ஆகஸ்ட்

வயல் முழுக்க மஞ்சள். ஊரிலிருந்து வருகிறவர்கள் படம் எடுக்க வேலி தாண்டிக் குதிக்கிறார்கள். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

கேட்ட கேள்விகளுக்கு மொத்தமாக. கனோலா எண்ணெய் இஞ்சின் எண்ணெயா? அதன் பாட்டன் ரேப்சீட் எண்ணெயை இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் இஞ்சின்களுக்கு மசகாக ஊற்றினார்கள், உண்மை. பிறகு கனடாவில் எரூசிக் அமிலத்தையும் காரத்தையும் குறைத்து வளர்த்தெடுத்ததுதான் கனோலா. 1974-இல் டவர் என்று முதல் ரகம். பேரிலேயே கனடா இருக்கிறது.

நம் கடுகுக்கு இந்த நோய் வருமா? இதைத்தான் நானும் முதலில் தேடினேன். முட்டைக்கோஸ், டர்னிப், கருங்கடுகு மூன்றும் மூன்று மூலக் குடும்பங்கள். இரண்டிரண்டாகக் கூடி மற்ற மூன்று பயிர் பிறந்தன என்று 1935-இலேயே ஒருவர் முக்கோணம் போட்டுக் காட்டிவிட்டார். டர்னிப்பும் முட்டைக்கோசும் சேர்ந்தது கனோலா. டர்னிப்பும் கருங்கடுகும் சேர்ந்தது வடநாட்டில் எண்ணெய்க்குப் போடுகிற கடுகு. இந்தக் கருங்கடுகுப் பக்கத்துச் சொந்தத்தில் கருங்காலுக்கு நல்ல எதிர்ப்பு இருக்கிறது. தாத்தாவின் முப்பது வருடத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் நாள் அவரைக் கொஞ்சம் கிண்டல் பண்ணிவிட்டேன், மன்னிக்கணும்.

அந்தச் சொந்தத்திலிருந்து ஒரு எதிர்ப்பு மரபணுவை மட்டும் எடுத்துக் கனோலாவில் வைத்துப் பார்த்தார்கள். பூசணம் அதையும் சில வருடத்தில் தாண்டிவிட்டது.

30 ஆகஸ்ட்

சீனாவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2009-இல் இந்த நோயைச் சொல்லித்தான் கனடா கனோலா விதைக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அவர்களிடம் இருப்பது இதன் சாதுவான தம்பி. பொல்லாத அண்ணனை உள்ளே விடக்கூடாது என்கிறார்கள். அதில் அரசியல் எவ்வளவு, பூசணம் எவ்வளவு என்று பிரிக்க நான் ஆள் இல்லை.

24 அக்டோபர்

மழை, மழை, மழை. விக்டோரியாவில் இதுவரை பதிவான அக்டோபர்களிலேயே இதுதான் அதிக மழை என்கிறார்கள். யூட் இரண்டு முறை சேற்றில் மாட்டியது.

கிழக்குப் பக்கம் செடி சாய்ந்து கிடக்கிறது. கருங்கால் என்று முடிவு கட்டிப் படமெல்லாம் எடுத்துவிட்டேன். இங்கே போட இருந்தேன்.

25 அக்டோபர்

நல்லவேளை போடவில்லை. இன்று பிடுங்கிப் பார்த்தால் பாதிச் செடிகளில் கழுத்து நன்றாகவே இருக்கிறது. தண்டின் நடுப்பகுதி எலும்பு மாதிரி வெளுத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது, உள்ளே கூடு. கூட்டுக்குள் எலிப்புழுக்கை மாதிரி கறுப்பு உருண்டைகள். ஸ்க்ளிரோடினியா. இதுவும் பூசணம்தான், வேறு ஜாதி. உதிர்ந்த பூவிதழ் ஈரத்தோடு இலையிடுக்கில் ஒட்டி அழுகும்போது அது வழியாக நுழைவது. அந்த உருண்டைகள் மண்ணில் விழுந்து வருடக்கணக்கில் காத்திருக்கும், ரகம் மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை.

கறுப்பு தெரிந்தால் கருங்கால் என்று பேர் வைத்தவர்களைப் பற்றி ஏப்ரலில் நக்கல் அடித்தேன். சாய்ந்தால் கருங்கால் என்று நான் பேர் வைத்துவிட்டேன்.

13 நவம்பர்

இன்று கணக்கு எடுத்தேன். அறுத்து வரிசை போடும் பருவத்தில், அங்கங்கே 60 தண்டு பிடுங்கி, செடி வெட்டும் கத்தரியால் கழுத்தில் குறுக்கே வெட்டி, உள்ளே எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்ப்பது. வெட்டுமுகத்தில் பாதிக்கு மேல் கறுத்திருந்தால்தான் அந்தச் செடியின் விளைச்சல் அடிபடும். கால்வாசி கறுப்பு என்றால் பயமில்லை, அடுத்த வருடத்துக்கு எச்சரிக்கை.

நான் 30 கிழக்கு வேலியோரம், 30 மேற்கு மூலை என்று பிரித்துக்கொண்டேன். யூட்டின் பின்தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தேன். நல்ல தண்டின் வெட்டுமுகம் வெள்ளரிக்காய் நறுக்கிய மாதிரி இளவெள்ளை. கெட்டது, பால் விடாத காபி. சிலதில் கேக் வெட்டியது மாதிரி ஒரு துண்டு மட்டும் கறுப்பு. கத்தரி வெட்டும்போதே தெரிகிறது, நல்லதில் "நறுக்" என்று சத்தம் வரும், கெட்டதில் சத்தமே இல்லை.

கிழக்கில் 30-க்கு 11 பாதிக்கு மேல். மேற்கில் 30-க்கு 1.

பண்ணைக்காரரிடம் தட்டைக் காட்டினேன். வேலி, தூரம், 500 மீட்டர், எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "அடுத்த வருடம் தள்ளிப் போடலாம்" என்றார். அன்று சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை.

19 நவம்பர்

தரைக்கு வந்துவிட்டேன்.

இந்த இழையை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். மே 3 குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன், மேற்கு மூலையில் விதை தீர்ந்து வேறு மூட்டை கொட்டினோம் என்று. ஷெட்டுக்குப் போய்க் காலி மூட்டையைத் தேடி எடுத்தேன். வேறு ரகம். குழுவும் வேறு. அப்படியென்றால் என் 11-க்கும் 1-க்கும் காரணம் தூரமா, காவல்காரனா? அதுமட்டுமில்லை, கிழக்குப் பக்கம் பள்ளம், ஈரம் அதிகம் நிற்கும். மூன்றையும் ஒரே தராசில் போட்டுவிட்டு ஒன்றின் பேரில் பில் போட்டிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை, முதல் நாள் கேள்விக்கு என் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மூட்டைதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழு, ஒரே வயல், ஒரே மழை. யோசித்துச் செய்திருந்தால் இரண்டையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி விதைத்திருப்போம். யோசிக்காமல் செய்ததால் அரைச் சாட்சிதான்.

பண்ணைக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தேன். நேற்றுச் சொன்னேன். "பரவாயில்லை, எப்படியும் தள்ளித்தான் போடணும்" என்றார். மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார்.

16 ஏப்ரல் 2023

யாரோ இழையைத் தூக்கி மேலே கொண்டுவந்திருக்கிறீர்கள், அதனால் ஒரு குறிப்பு.

கருகிய கழுத்துகள் நாலைந்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தேன். வெயில் முழுக்கப் பட்டு விறகு மாதிரி ஆகிவிட்டது, செத்தது என்று யாரும் சொல்வார்கள். போன வாரம் மழைக்கு நனைந்தது. இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தோல் முழுக்கக் குண்டூசித் தலை மாதிரி கறுப்புப் புடைப்புகள். வித்துக்கூடுகள். தயாராக இருக்கின்றன.

இந்த வருடக் கனோலா நம் பழைய கட்டையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, குழுவும் மாற்றியாச்சு. இன்று காலை கம்பிவேலி சரிபார்க்க அந்த வயலின் வடக்கு எல்லைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த பண்ணை. போன வருடம் அவர் என்ன போட்டார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கனோலாக் கட்டை, கண்ணுக்கு எட்டின தூரம்.